கணக்கு வாத்தியாரின் பானை ஓடு

12-6-1984, செவ்வாய். விழுப்புரம்.

சரித்திர வாத்தியார் நான். ஆற்றங்கரையில்தான் மனிதன் முதலில் ஊர் கட்டினான் என்று பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பெண்ணையாற்றுக் கரையில் பழங்காலப் பானை ஓட்டைக் கண்டெடுத்ததோ கணக்கு வாத்தியார்! இன்று பிரேயரில் அவருக்கு மாலை. நானும் கை தட்டித் தொலைத்தேன்.

"பாதிதான் சார் கெடச்சுது. மீதியத் தேடிக்கினு இருக்கேன்" என்றார்.

உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, விளிம்பில் இரட்டைக் கீறல். மீதி என் வீட்டில்தான் இருக்கிறது. போன கோடையில் அதே கரையில் எடுத்து வந்தேன். அதில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறோம்.

வந்ததும் கழுவி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். "கோழிக்கு எதுலங்க தண்ணி வெக்கிறது?" என்கிறாள் மனைவி.

வெளியே காட்டினால் சரித்திர வாத்தியாரின் லட்சணம் ஊருக்கே தெரிந்துவிடும். அவர் தேடட்டும். ஆறு நீளமாகத்தான் இருக்கிறது.