செத்த கோழிக்கு அன்றைக்கே பதில்

அக்கா,

இன்று காலை தீவன மூட்டையைப் பிரித்தேன். மக்காச்சோளத்தில் பூசண வாடை. கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வாடை வந்தாலே நீ ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்து, "லேபுக்குக் கொண்டு போ சாமி" என்பாய். பதில் வரும்வரை ஒரு கோழிக்கும் அதைப் போட விடமாட்டாய்.

நம் பண்ணையில் நாலு கோழி சேர்ந்தாற்போல் செத்தால் பையில் போட்டுக்கொண்டு நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு ஓடுவேன். அறுத்துப் பார்த்து, என்ன சீக்கு என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவார்கள்.

நீ இருமினாய். நுரையீரலில் பழைய டி.பி. தழும்பு இருந்ததால், உள்ளூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் "திரும்ப டி.பி.தானுங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சளியில் கிருமி இல்லை என்று இரண்டு முறை வந்தது. அப்புறமும் அதே மாத்திரை! ஆறு மாதம்! இல்லாத நோய்க்கு விழுங்கி விழுங்கி உன் உடம்பு பாதியானது. ரத்தமாக இருமிய பிறகுதான் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா கேட்டார்: "பூஞ்சைக்குப் பாத்தாங்களா?" யாரும் பார்க்கவில்லை. அந்தச் சோதனை உள்ளூரில் இல்லையாம். கோழித் தீவனத்துக்கு இருக்கிறது, மனுஷிக்கு இல்லை. சொல்ல வெட்கமாக இல்லையா இவர்களுக்கு?

நீ சிரித்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கோழிக்கொரு ஞாயம், எனக்கொரு ஞாயமாடா சாமி?"

கோயம்புத்தூரில் சோதித்தபோது நுரையீரலில் பூஞ்சைதான் என்று தெரிந்தது. அதற்கான மாத்திரையும் கேட்கவில்லை. சளியிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்த்தார்கள். அது அந்த மருந்துக்கு மசியவே இல்லை. "காட்டுக்கு என்னங்க மருந்தடிக்கறீங்க?" என்றார் டாக்டரம்மா. நம் மக்காச்சோளக் காட்டுக்கு அடித்த பூஞ்சைக்கொல்லியின் பெயரைச் சொன்னேன். "அதும் இந்த மாத்திரையும் ஒரே வகைதானுங்க. அதுல பழகுன பூஞ்சையா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது." கடையில் டப்பாவைக் கொடுத்தபோது யாராவது இதைச் சொன்னார்களா? நானும் கேட்கவில்லை. இலையில் ஒரு புள்ளிகூட இல்லாதபோதே, எதற்கும் இருக்கட்டும் என்று அடித்தவன் நான். வேறு ஊசி மருந்து வந்து சேருவதற்குள் நீ போய்விட்டாய்.

போன வாரம் பக்கத்துப் பண்ணை அண்ணனுக்கும் அதே கதை. சளியில் டி.பி. இல்லை, மாத்திரை மட்டும் நிற்கவில்லை. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "சளியப் பூஞ்சைக்கும் பாக்கச் சொல்லி கோயம்புத்தூருக்கு அனுப்புங்க" என்றேன்.

"நீங்க டாக்டருங்களா?" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

"இல்லீங்க, கோழிப்பண்ணைக்காரன். செத்த கோழியத் தூக்கிட்டுப் போனாலே எங்களுக்குப் பதில் சொல்றாங்க. இவரு உசுரோட உக்காந்திருக்காருங்க."

நீ சிரித்து மறைத்த கோபம்தான் அக்கா, என் வாயில் வந்தது. அவர் பேனாவை எடுத்து அந்தச் சோதனைக்குச் சீட்டு எழுதும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.