பழப்புளி போட்டு விளக்கிய அமெரிக்கக் காசு

இன்று காலை உன் மனைவி என் டண்டினொங் வெள்ளிக் கடைக்கு வந்து, உன் பால்மா ரின்னைக் கண்ணாடி மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். பழப்புளி மணத்தது. எட்டிப் பார்த்தேன். உன் காசுகள் எல்லாம் புதுப் பாத்திரம் மாதிரி மினுங்கின.

மச்சான், நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

அந்த ரின்னை நீ முதலில் கொண்டுவந்தபோது நான் சிரித்தேன். வீட்டுப் பழஞ்சாமான் விற்கும் கராஜ் சேலில் ஒரு கிழவரிடம் வாங்கியிருந்தாய். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மெல்பேர்ணில் தங்கிய அமெரிக்கச் சிப்பாய் யாரோ விட்டுப்போன ஐந்து சதக் காசுகள்.

"உது நிக்கல். ஒண்டுக்கும் உதவாது" என்றேன்.

நீ ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் பொறித்திருந்த கட்டடத்தின் உச்சிக்கு மேலிருந்த பெரிய எழுத்தைக் காட்டினாய். "வடிவாப் பார். சண்டைக்கு நிக்கல் தேவைப்பட்டதால உதுக்குள்ள வெள்ளி கலந்தவங்கள். நூற்றுக்கு முப்பத்தைஞ்சு. நீயெல்லாம் ஒரு வெள்ளி யாவாரி!"

துணியால் துடைக்கப் போனேன். கையில் அடித்தாய். "தொடாதை! புழங்காத காசு. அந்த மங்கலுக்குத்தான் பழங்காசு சேர்க்கிறவன் பல மடங்கு குடுப்பான். அது போனா வெறும் வெள்ளி விலை."

விற்கச் சொல்லி எத்தனை தரம் கேட்டேன். விசா கேஸ் கோட்டுக்குப் போனால் லோயருக்கு அதுதான் என்று வைத்திருந்தாய். பிறகு ஒருநாள், வேலையிடத்தில் ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்கியவன் இறங்கிய இடத்திலேயே விழுந்தாய்; பிறகு எழும்பவேயில்லை. கேஸ் இப்போது அவளுடையது.

"முப்பத்தோராம் நாள் வீடு கழுவேக்க, செத்தவீட்டுத் துடக்கில கிடந்த சாமான் எல்லாம் விளக்கினனான் அண்ணை" என்றாள். "இதையும் ஒண்டு விடாமல். புளியும் உப்பும் போட்டுக் கம்பித் தும்பால தேய்ச்சனான். என்ன கறுப்பு! இப்ப கூட விலை வரும், என்ன?"

உருப்பெருக்கியில் பார்த்தேன். காசுக்குக் காசு கீறல். தராசில் வைத்து நிறுத்தேன். வெள்ளி எங்கேயும் போகவில்லை. போனது மற்றதெல்லாம். வெள்ளி விலையைச் சொன்னேன்.

"இவ்வளவுதானோ? லோயருக்குக் காணும் எண்டெல்லோ இவர் சொன்னவர்."

முகத்துக்கு நேரே விலை சொல்லிப் பழகிய வாய் எனக்கு. உண்மையைச் சொன்னால், உன் துடக்கைக் கழித்த கையாலேயே நீ விட்டுப்போனதைத் தேய்த்து அழித்தேன் என்று அவள் சாகும்வரை நினைப்பாள். சொல்லாவிட்டால் நீ பொய்யன்.

"உங்கட மனுசன் கொஞ்சம் புளுகர், தங்கச்சி" என்றேன். "மிச்சத்துக்கு லோயரோட நான் கதைக்கிறன்."

என்னையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் கண்டதில்லை. "ஓம் அண்ணை, சரியான புளுகர். கலியாணத்துக்கு முதல் என்னட்டையும் எவ்வளவு புளுகினவர்!" என்றபடி கண்ணைத் துடைத்தாள்.

ஒரு சதம் கூட்டி விலை சொல்லத் தெரியாதவன் நீ. நாம் இருவரும் கடை போட்ட ஞாயிறு சந்தையில் ஆட்கள் என்னைத் தாண்டி உன்னிடம் போனதே அதற்குத்தான். இனி உன் வீட்டில் நீ புளுகன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்ப்பாள்.

நான் திருத்தப் போவதில்லை, மச்சான்.