சலங்கை ஒலிக்காமல் நிற்க வருமாறு மைத்துனருக்கு விடுத்த ஓலை

ஆறு வற்றாத செம்பாறை நாட்டை ஆள்பவரும், பகைவர்க்குக் குன்றும் இரப்பவர்க்கு நிழலுமாகியவருமான நெடுஞ்சேந்தர் திருவாய் மலர்ந்தபடி, அவர்தம் மந்திரி கோடனூர் கிழார் எழுத்தாணி பிடித்து, நெய்தற்கோட்டு வேந்தரும் எம் பட்டத்தரசியாரின் தமையனாருமாகிய கார்முகில் அரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் உப்பளங்கள் விளைக. தங்கள் தோணிகள் கரை சேர்க. தங்கள் முழங்கால்கள் இன்னும் ஒன்பது நாளைக்கேனும் நலமாயிருக்க வேண்டுமென்று எம் மன்னர் தனியே வாழ்த்துகிறார்.

வளைகோலால் பந்தை அடித்துத் தொலைவிலுள்ள குழியில் சேர்க்கும் செண்டாட்டத்தில் எம் மன்னர் வல்லவரென்று யாரும் சொன்னதில்லை. வழக்குகள் கேட்டு முடிந்த மாலைகளில் மனம் ஆற ஆடுபவர், அவ்வளவே. அப்படிப்பட்டவர், சென்ற பங்குனித் திருநாளில் தங்களை வென்றே தீருவதென்று பலமெல்லாம் திரட்டிக் கோலைச் சுழற்றினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. எம் மன்னர்தாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பொத்தென்று உட்கார்ந்தார்.

விழாத மனிதர் உண்டோ? தாங்களோ கூத்தன் பொய்கைமுத்தனைக் கொண்டு அவ்வீழ்ச்சியையே கூத்தாக்கி ஊரூராய் ஆடவிட்டீர். அதுவும் போதாதென்று எம் அரண்மனைக்கே அனுப்பிவைத்தீர். தங்கள் தங்கையார், எம் அரசியார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஐயோ, ஊர் சிரித்ததைப் பொறுத்த மன்னரால் அந்த ஒரு சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. அன்றுமுதல் அரசியார் பார்க்க அவர் கோலைத் தொட்டதேயில்லை.

மறுநாள் கூத்தனை இழுத்துவரச் சொன்னபோது அவன் தலை போயிற்றென்றே யாவரும் நினைத்தோம். மன்னரோ அவ்வீழ்ச்சியை மெல்ல, இன்னும் மெல்ல ஆடிக் காட்டுமாறு பணித்தார். நடுங்கி நடுங்கி நாற்பது முறை ஆடினான் பாவம். பாழும் கூத்தன் ஒன்றையும் விடாமல் பார்த்து வைத்திருந்தான்! பாதங்கள் நெருங்கி நின்றதும், கோல் பின்னே போகையிலேயே உடலின் பாரம் கால்விரல்களுக்கு ஓடியதும், அடிக்குமுன்பே தலை நிமிர்ந்ததும் எம் மன்னருக்குத் துலங்கின. தாங்கள் ஏவிய ஏளனமே அவருக்கு ஆசானாயிற்று.

அன்றுமுதல் ஈரமணலில் வெறுங்காலோடு, பாதங்களைத் தோளகலம் பரப்பி, முழங்கால்களைச் சற்றே மடக்கி, விரலடியும் குதிகாலும் ஒரே ஆழத்தில் பதியும்வரை நின்று பழகினார். வீச்சின் வேகத்தில் கால்பங்கைக் குறைத்தார். எம் மன்னரின் குணம் அறிந்தவர்க்கு அது எத்தனை பெரும்பாடென்று தெரியும். கூத்தன் தன் சலங்கையை அவிழ்த்து அவர் கால்களில் கட்டினான். வீசி முடித்து, பாரத்தை முன்காலில் ஏற்றி நின்றபின், பந்து உருண்டு ஓயும்வரை அச்சலங்கை ஒலிக்கலாகாது என்பதே பாடம். முதல் மூன்று திங்கள் தோட்டமெங்கும் ஒரே ஜல்ஜல். இப்போது வேலிக் குருவிகூட எழுந்து பறப்பதில்லை.

ஆகவே எம் மன்னர் அறிவிப்பது இது. இன்றைக்கு ஒன்பதாம் நாள் காலை, அவர் விழுந்த அதே திடலில் இருவரும் சலங்கை கட்டி ஆடவேண்டும். அடித்தபின் எவர் சலங்கை முதலில் ஒலிக்கிறதோ அவரே தோற்றவர். எம் மன்னர் தோற்றால் கோலை முறித்தெறிந்து, பழைய கூத்தை இங்கே ஆண்டுதோறும் தாமே முன்னின்று நடத்துவார். தாங்கள் தோற்றால் புதிய கூத்தொன்று தங்கள் பெயரால் அரங்கேறும். இறுதிவரை அமர்ந்து பார்த்தே தாங்கள் எழவேண்டும். முன்வரிசை நடுவே அரசியாருக்கு இருக்கை போட்டாயிற்று. நாட்டை எழுதித் தரக் கேட்கவில்லை மன்னர். அந்தச் சிரிப்பு இம்முறை தங்கள் பக்கம் திரும்பவேண்டும், அதொன்றே கேட்கிறார்.

தங்களுக்கென ஓரிணைச் சலங்கையும் இத்துடன் வருகிறது, கட்டிப் பழகிக்கொள்க. வர மறுத்தால் அதையே தோல்வியாகக் கொள்வோம்.

இவ்வோலை மூங்கிற்குழலில் இட்டு, அரக்குருக்கி, இரட்டைப்பாறை முத்திரை பதித்து விடுக்கப்பட்டது. பெற்ற நாளிலேயே மறுமொழி வருக.

முத்திரை வைக்குமுன் மன்னர் சேர்க்கச் சொன்னது: கூத்தன் இப்போது எம்மிடமே இருக்கிறான், தாங்கள் வீசும்போது எந்தக் குதிகால் எழும்புகிறதென்பதையும் சொல்லிவிட்டான். தங்கள் மீசையின் அளவுக்கு ஒரு பொய்மீசை அவன் பெட்டியில் ஆயத்தமாயிருக்கிறது.