ஐம்பத்தைந்து இஞ்சும் என் கருநாக்கும்

மார்ச் 4, புதன்

டிவி வந்துவிட்டது. ஐம்பத்தைந்து இஞ்சு. இரண்டு பேர் மூச்சு வாங்க மாடிப்படியில் தூக்கி வந்தார்கள். நம் வீட்டு என்ஜினீயர் முன்னால் நின்று "பாத்து, பாத்து" என்று கை காட்டியதோடு சரி. என்ஜினீயர் என்றால் என் புருஷன்தான். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எதைப் பார்த்தாலும் "இதுல என்ன இருக்கு, நானே பண்ணிடுவேன்" என்பவருக்கு நான் மனதுக்குள் கொடுத்த பட்டம் அது.

கம்பெனி ஆள் செவ்வாய்க்கிழமை வந்து மாட்டிக் கொடுப்பாராம். அதுவரை பொறுக்க முடியாதாம். ஞாயிற்றுக்கிழமை பைனல் மேட்ச், நண்பர்களைக் கூப்பிட்டாயிற்று.

வாண்டுக்கு டிவியைவிட அதன் பெட்டிதான் பிடித்திருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, அதுதான் வீடு என்கிறாள். நாலு வயதுக்காரிக்குத் தெரிகிறது, எது உபயோகமான பொருள் என்று.

மார்ச் 6, வெள்ளி

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது சுவரே இல்லை. ஒரே பெரிய அறையை வீட்டுச் சொந்தக்காரர் ஜிப்சம் பலகை வைத்து இரண்டாக்கியிருக்கிறார். விரலால் தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வரும். சோபா அதைப் பார்த்துக் கிடப்பதால் டிவி அதில்தான் தொங்க வேண்டுமாம்.

ஒன்பது வருஷமாக ஹார்டுவேர் கடை கவுண்டரில் நிற்கிறேன். ஆணியும் ஸ்குரூவும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஸ்குரூ பிடிப்பதற்காகச் சுவர் ஓட்டையில் சொருகுகிற பிளக் வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் "என்ன சுவர்?" என்றுதான் கேட்பேன். செங்கல்லா, கான்கிரீட்டா, பலகையா? பலகைக்குச் செங்கல் பிளக் கேட்டால் கொடுக்கவே மாட்டேன். முதலாளியே "அந்தம்மா சொன்னா கேட்டுக்கோங்க" என்பார்.

அது கடையில். வீட்டில் இன்று சொல்லிப் பார்த்தேன். "இந்தப் பலகை தாங்காதுங்க. உள்ள இரும்புச் சட்டம் இருக்கும், அதைத் தேடி அதுல முடுக்கணும். இல்லன்னா பேசாம மேஜை மேல நிறுத்திடலாம்."

அவர் வாய் திறக்கும் முன்னே அத்தை முந்திக்கொண்டார். "நல்ல பொருள் வீட்டுக்கு வந்திருக்கு. விழும் விழும்னு சொல்லாத. உன் வாய் முகூர்த்தம் எங்களுக்குத் தெரியாதா?"

விழும் என்று நான் சொல்லவே இல்லை. தாங்காது என்றுதான் சொன்னேன்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவருடைய ஸ்கூட்டரைப் பார்த்து, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்றேன். மாற்றவில்லை. மறுவாரம் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். பிரேக்கை யாராவது குறை சொன்னார்களா? என் நாக்கைச் சொன்னார்கள். அன்று வாங்கிய பேர், கருநாக்குக்காரி.

மார்ச் 7, சனி

மாட்டிவிட்டார். கடையிலிருந்து நான் கொண்டுவந்திருந்தேன், பலகைக்குப் பின்னால் போய் இறக்கை விரித்துப் பிடித்துக்கொள்ளும் பிளக், ஆறு. அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கோ கிடந்த சின்ன பிளாஸ்டிக் பிளக்கைச் சொருகி, நாலு ஸ்குரூ. ஓட்டை போடும்போது மெஷின் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. "பாத்தியா, எவ்வளவு ஈஸி!" என்றார்.

ஈஸியாக இறங்கியதுதானே பயம், மனுஷா!

பத்து நிமிஷம் தள்ளி நின்று ரசித்தார். நண்பர் ஒருவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார். போட்டோவில் நானும் இருக்கிறேன், கையில் துடைப்பத்தோடு.

மார்ச் 8, ஞாயிறு

தோற்றுப் போனார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

கம்பெனி ஆள் வந்தார். பார்த்தால் நம் கடைக்கு வாரம் இரண்டு தடவை வருகிறவர்! தலை நரைத்தவர், பேச்சு கம்மி. பலகையைத் தட்டினார். டிவியைத் தாங்குகிற பிராக்கெட்டின் ஓரத்தில் கை வைத்து லேசாக அசைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"சார், இதைக் கழட்டி மேஜையில வெச்சிடுங்க. இந்தப் பலகையில நான் மாட்ட மாட்டேன். சின்னப் புள்ள வேற இருக்கு."

"மேட்ச் அன்னிக்கு பத்து பேர் குதிச்சாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று இவர் சிரித்தார். வேலை முடிந்தது என்று சீட்டில் கையெழுத்துப் போட்டு அவரை அனுப்பியும் வைத்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஏக்கா, எனக்கே பிளக் மாத்திக் கொடுக்கிறவங்க நீங்க. உங்க வீட்டுல சொல்லக்கூடாதா?"

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 13, வெள்ளி

அத்தை டிவிக்குச் சட்டை போட்டிருக்கிறார். குரோஷா பின்னிய துணி, தூசி படாமல் இருக்க. டிவி ஓடும்போதும் முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு, பின்னால் காற்று போகிற துவாரத்தையெல்லாம் மூடிக்கொண்டு அது தொங்குகிறது. தொட்டால் இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது. எடுத்து மடித்து வைத்தேன். சாயங்காலம் திரும்பப் போட்டுவிட்டார்.

அது தவிர, ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் டிவி, பிரிட்ஜ், போன் சார்ஜர். ஒயர் தரையில் பாம்பு மாதிரி கிடக்கிறது, வாண்டு அதைத் தாண்டித் தாண்டி விளையாடுகிறாள். பிரிட்ஜை நானே வேறு சுவிட்சுக்கு மாற்றிவிட்டேன். ஒயரை மேஜைக் காலோடு கட்டினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்தால் இந்த வீட்டில் எதுவும் நடக்கும்.

மார்ச் 19, வியாழன்

இன்று வெடித்துவிட்டது. வெடித்தது நான்தான்.

வாண்டு டிவிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கார்ட்டூன் பார்க்கிறாள். தலைக்கு நேர் மேலே அது. "அங்க படுக்காதடி, தலையில விழுந்தா என்ன ஆகும்!" என்று கத்திவிட்டேன். வாயிலிருந்து வந்தே விட்டது, விழுந்தால் என்று.

அத்தை எழுந்து நின்றார். "பெத்த பிள்ளை தலையில விழணும்னு சொல்ற வாயை இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

நான் அப்படியா சொன்னேன்? அப்படியா? அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "அம்மா சொல்றதுல என்ன தப்பு? நீ எதையாவது சொல்லுவ, அது நடக்கும். கொஞ்சம் வாயை மூடிட்டுதான் இரேன்."

சரி. மூடிக்கொள்கிறேன். இந்த வீட்டில் இனி எது ஆடினாலும், எது சாய்ந்தாலும், எது எரிந்தாலும் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. சத்தியம்.

மார்ச் 20, வெள்ளி

பேசவில்லை. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் பெருக்கும்போது பார்த்தேன். பிராக்கெட்டின் மேல் ஓரம் சுவரை விட்டு விலகியிருக்கிறது, ஒரு நகக்கண் அளவு. அதன் கீழே தரையில் வெள்ளைப் பொடி. சுண்ணாம்பு மாதிரி, இரண்டு சிட்டிகை. பலகை உள்ளே நொறுங்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம்.

பொடியைப் பெருக்கிக் குப்பையில் போட்டேன். பாயை எடுத்துச் சோபாவுக்குப் பின்னால் விரித்தேன். வேலைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 25, புதன்

விரல் நுழைகிறது. திரும்பவும் பொடி.

அவர் அதற்கு நேர் முன்னால் நின்று தலை சீவினார், டிவிக் கண்ணாடியில் முகம் பார்த்து. முகம் தெரிந்தது, சாய்ந்திருப்பது தெரியவில்லை. சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. உடனே அந்தக் குரலும் காதில் வந்தது: வாயை மூடிட்டுதான் இரேன்.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். பயத்தில் மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. விழட்டும் என்று நினைத்தேன். பகல் பதினோரு மணிக்கு, வாண்டு பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, அத்தை கீழே காய் வாங்கப் போயிருக்கும்போது, ஆளில்லாத ஹாலில் தடாலென்று விழட்டும். ஐம்பத்தைந்து இஞ்சும் சுக்கு நூறாகட்டும். அன்று அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் நான் பார்க்க வேண்டும்.

பாய் மறுபடி டிவிக்குக் கீழேதான் கிடக்கிறது. யார் விரித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேசியதாகிவிடுமே.

மார்ச் 26, வியாழன்

நாளை சாயங்காலம் சொல்லிவிடலாம். சத்தியமாவது மண்ணாவது.

மார்ச் 28, சனி

நேற்று எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

நேற்று ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. அப்போது நான் கவுண்டரில் ஒருத்தருக்குப் பிளக் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுச் சுவர் என்ன சுவர் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சுவர் பிய்ந்து வந்த நேரத்தில்.

வாண்டு எழுந்து நின்று கார்ட்டூன் பூனையைத் தொட்டிருக்கிறாள். அவ்வளவுதான். மேல் பக்கம் பிய்ந்து, டிவி முன்னால் கவிழ்ந்து வந்திருக்கிறது. அத்தை பின்னாலிருந்து கவுனைப் பிடித்து இழுத்திருக்கிறார். டிவியின் முனை வாண்டின் புருவத்துக்கு மேலே கிழித்துக்கொண்டு போய், அத்தையின் கைமேல் விழுந்திருக்கிறது.

ஐந்து தையல். கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே. ஊசி போடும்போது வாண்டு அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தித் தொலைடி, அழுடி என்று எனக்குத்தான் வாய்க்குள் ஓடியது. அத்தைக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அவர் தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்தார். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: "நீ அன்னிக்கே சொன்னே. சொன்ன மாதிரியே நடந்துடுச்சே."

வருத்தமா, குற்றச்சாட்டா? பதினோரு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், அந்தக் குரலில் எது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பாவி, பாவி. என் பிள்ளை.

ஏப்ரல் 2, வியாழன்

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார். கம்பெனி பிராக்கெட் மட்டமாம். வீட்டுச் சொந்தக்காரன் ஏமாற்றிவிட்டானாம். மேட்ச் பார்க்க வந்தவர்களின் கண் பட்டுவிட்டதாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இவளும் சொல்லிட்டே இருந்தா..."

எல்லோரும் திரும்பி என் வாயைப் பார்க்கிறார்கள். நான் காப்பி கொடுக்கிறேன்.

அடப்பாவிகளா, சொன்னதையெல்லாம் விடுங்கள். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாள் நான் சொல்லவில்லை. அதுதான் நடந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 5, ஞாயிறு

தையல் பிரித்தாயிற்று. தழும்பு நிற்குமாம். புருவ முடி அந்த இடத்தில் முளைக்காதாம்.

ஏப்ரல் 9, வியாழன்

அத்தைக்கு ஒரு கையால் தலை வார வராது. இத்தனை நாள் அள்ளி முடிந்துகொண்டே இருந்தார், என்னைக் கேட்கவில்லை. இன்று சிக்கு தாங்காமல் சீப்பை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து, முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வாண்டு அட்டைப்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வேலைக்குப் போயிருந்தார். நான் பாதி சிக்கு எடுத்திருப்பேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அத்தை. "அது சாஞ்சிருந்தது உனக்குத் தெரியுமா?"

சீப்பு நின்றுவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை போதும். முகம்கூடத் தெரியாது, முதுகுதான்.

"தெரியும் அத்தை. மூணு நாளா தெரியும். பொடி கொட்டிக் கிடந்தது, நான்தான் பெருக்கித் தள்ளினேன். வீம்பு. சொல்லக்கூடாதுன்னு வீம்பு."

இனி வெடிக்கும் என்று காத்திருந்தேன். வெடிக்கட்டும், யாராவது என்னை உள்ளபடி திட்டினால் தேவலை என்றிருந்தது. அத்தை மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"புதன்கிழமை நானும் பாத்தேன்" என்றார். "எப்பவும் நீதானே சொல்லுவ. இன்னிக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன்."

மிச்சச் சிக்கையும் எடுத்து, பின்னி, நுனியில் ரப்பர் பேண்டு போட்டேன். பெட்டிக்குள் வாண்டு புரண்டு படுத்தாள். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம்.