வெள்ளையடித்த கூரை

அன்பு வாலுவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முட்டி மட்டும் ஏணியைக் கண்டால் முறைக்கிறது, அங்கே நீ உடம்பாலும் மனதாலும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. உன் அண்ணன் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டான், வீட்டில் ஒரு சாமானைத் தரையில் வைக்க முடியவில்லை. போன தடவை பேசும்போது ஒன்றாம் வகுப்புக் கூரை என்னாச்சு, கவர்மென்ட்ல பணம் தரலைன்னா நான் அனுப்பறேன் என்றாய், உன் அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். தலைமையாசிரியை இல்லையா, கோட்டை விட்டதை மகளிடம் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நான் பெயிண்டர், எனக்கென்ன, நான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, சாக்பீஸ், விளக்குமாறு, குழாய் ரிப்பேர் இதற்கெல்லாம் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பார்த்து வருஷத்துக்கு ஒரு தொகை வருகிறது. கூரை மாற்ற அது எந்த மூலைக்கு? அதற்குத் தனி நிதி. மாநிலம் முழுவதற்கும் ஒரே பானை, கரண்டி நீட்டுகிற பள்ளிகளோ ஏராளம், அதனால் என்ஜினீயர் நேரில் வந்து எது ரொம்ப மோசம் என்று எழுதுகிறாரோ அதற்குத்தான் முதலில் தருவார்கள், அழுத பிள்ளை பால் குடிக்கும் என்கிற கணக்கு. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, என்ஜினீயர் வருகிறார் என்றதும் சம்பந்தி வீட்டார் வருவது போலப் பள்ளியைக் கழுவத் தொடங்கிவிட்டாள். ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளிகள் எல்லாம் பள்ளி ஆயாவின் அறைக்குள் போய் ஒளிந்தன. என்னையும் கூப்பிட்டு, ஏங்க, அந்தக் கறையைப் பார்த்தா வர்றவர் நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு, ஒரு கோட் அடிச்சுக் கொடுங்க என்றாள். எனக்காவது புத்தி வேண்டாமா, விரிசலையெல்லாம் பட்டி பூசி அடைத்து இரண்டு கோட் அடித்தேன், உன் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நேர்த்தியாக அடிப்பேனா தெரியாது. நல்ல வெயில் நாளில் அந்த மனிதர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க டீச்சர் என்று மெச்சினார், அப்படியே எழுதியும் கொடுத்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான், பணம் கிடையாது என்று பதில் வந்துவிட்டது. அடுத்த மழையில் என் பட்டி ஒரு துண்டாகப் பெயர்ந்து ஒரு பிள்ளையின் நோட்டில் விழுந்தது, ஒரு சாண் தள்ளியிருந்தால் தலை. அன்று அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள், நான் தூரிகையைத் தொடவில்லை.

உன் பணம் வேண்டாம் என்று அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது கண்ணே. நீ கொடுத்தால் கூரை மாறும், அதோடு இந்தப் பள்ளிக்குக் கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறது என்று ஆபீஸில் முடிவு கட்டிவிடுவார்கள், நாளைக்குச் சுவர் விழுந்தால் மறுபடி உன் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒரு சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறார்கள், கூரை அவங்களுக்குத் தர்மம் இல்ல, வர வேண்டிய பாக்கி என்கிறாள். மறுபடி வந்து பாருங்கள் என்று விடாமல் எழுதிப் போட்டாள். போன வாரம் ஒரு மழை நாளில் அதே என்ஜினீயர் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து நின்றார். உன் அம்மாவின் கை விளக்குமாற்றைத் தேடியதாம், ஆயாதான் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாளாம். அவர் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே கூரை சொட்ட ஆரம்பித்தது. பிள்ளைகள் பாட்டுக்கு நோட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து எழுத்தைத் தொடர்ந்தார்கள். தினமும் இப்படித்தானா என்று கேட்டாராம், மழை வந்தா மட்டும்தான் சார் என்று ஒரு வாண்டு சொன்னதாம். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாராம். இந்த வருஷ நிதியில் முதல் வரிசையில் சேர்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்தால்தான் வந்தது என்று உன் அம்மா சந்தோஷப்படாமல் இருக்கப் பார்க்கிறாள், முகம் ஒத்துழைக்கவில்லை.

இவ்வளவும் எழுதியதற்கு வேறு காரணம் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ ஒரே சுவரைத்தான் காட்டினாய், முன்பெல்லாம் அடுப்பு, ஜன்னல், துவைக்காத துணி எல்லாம் தெரியும். வேலை எப்படி என்றால் சூப்பர்ப்பா என்றாய், சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்தது. போனை வைத்ததும் உன் அம்மா சொன்னாள், நான் என்ஜினீயருக்குக் காட்டின கூரை மாதிரியே இருக்குங்க அவ முகம். நாங்கள் குறை எழுத வருகிறவர்கள் இல்லையடி. அடுத்த தடவை போனைத் திருப்பி, ஒழுகுகிற இடத்தைக் காட்டு. காட்டினால்தானே நாங்கள் நகர்ந்து வந்து உன் பக்கத்தில் உட்கார முடியும்.

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு தூங்காதே. எந்தக் குறையும் அண்டாமல் நீ நிறைவாய் இருக்க எங்கள் இருவரின் ஆசி. ஞாயிற்றுக்கிழமை காத்திருப்போம்.

என்றும் உன் பக்கத்தில் இருக்கும்,
அப்பா
(இனிமேல் எதற்கும் வெள்ளையடிக்கும் முன் யோசிக்கிறவன்)