விடுபட்ட ஓர் எழுத்து

அண்ணாச்சி,

இன்று காலை அலமாரியைத் திறந்தபோது ஈரமண் வாசனை வந்தது. சாரல் காலம்தான், ஆனால் அது சாரலின் வாசனையல்ல. உங்கள் கவிதைக் கட்டின் ஓரத்தில் கரையான் மண் பூசி ஏறியிருந்தது. மண்ணுக்குத் தருவதாக வாக்களித்து நான் தராததை, மண்ணே தேடி வந்துவிட்டது.

கொச்சியில் பிறந்து, மிளகு வியாபாரத்துக்காக வந்து மேலகரத்தில் தங்கிவிட்ட யூதர் நீங்கள். உங்கள் வேதம் குற்றாலத்தில் நனைந்துதான் தமிழுக்கு வந்தது. கூடாரப் பண்டிகைக்குக் கொல்லையில் ஓலைக் கூரை வேய்ந்து, அதன் இடுக்கில் நட்சத்திரம் தெரியக் காத்திருந்ததையும், மழை மட்டுமே உள்ளே வந்ததையும் எழுதினீர்கள். அருவியில் வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஊதிய மாலை நோவாவை எழுதினீர்கள்: பேழைக்கு வெளியே நின்றவர்களின் குளியல் துண்டுகள் இன்னும் பாறையில் காய்கின்றன என்று. அதைப் படித்தபின் அருவிப் பக்கம் போகவே அஞ்சினேன்.

பிழை பார்க்கச் சொல்லி அந்தத் தட்டச்சுத் தாள்களை என்னிடம் தந்தீர்கள். பக்கத்துக்குப் பக்கம் ‘கட_ள்’ என்று ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்று நானாக முடிவு செய்து, எல்லா இடத்திலும் ‘வு’வைப் பேனாவால் நிரப்பினேன். திருப்பித் தந்தபோது உங்கள் முகம் வெளுத்தது. பிறகு சிரித்தீர்கள்.

“வக்கீல் சாரே, என்ன காரியம் செஞ்சீரு! எங்க வழக்கத்துல ஆண்டவன் முழுப் பேரு விழுந்த தாள கிழிக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது, மண்ணுலதான் பொதைக்கணும்னுல்லா வேணும்னே எழுத்த விட்டேன்.”

“தமிழ்ச் சொல்லுக்கும் உங்க சட்டம் பொருந்துமா, அண்ணாச்சி?”

“சட்டம் இல்ல வே. பயம். நான் போகும்போது இதையும் எங்கூட மண்ணுல வச்சிரும்.”

வைப்பதாகச் சொன்னேன். செங்கோட்டை மலைப்பாதை வழியாக உங்களைக் கொச்சிக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தபோது, கட்டு என் கைப்பையில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை என்ற ஒரே காரணத்தால் பையைத் திறக்காமல் நின்றேன். அதன்பின் கட்டைத் தொடவும் துணிவில்லை.

இன்று முழுவதும் அமர்ந்து, கரையான் விட்டுவைத்ததைக் கையால் நகல் எடுத்தேன். அந்தச் சொல் வரும்போதெல்லாம் நீங்கள் விட்ட எழுத்தை நானும் விட்டேன். மூலம் நாளை உங்கள் பக்கத்து மண்ணுக்கு வருகிறது. நகலை வைத்துக்கொள்வது வாக்கு மீறலாகுமா என்பதை மட்டும் என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

நீதிமன்றத்தில் சாட்சிகள் கூண்டேறி, ‘கட_ள் அறிய’ என்று தயக்கமின்றி உறுதிமொழி சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பயப்படுகிறவன் நான்.