மூன்று பாகமா, மூன்று மீட்டரா?

அக்காவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் இரும்புத்தூண் மாதிரி இருக்கிறேன், ஆனால் வயிறு எரிகிறது.

எங்கள் பாய்மரக் கப்பலின் பழைய கடல் வரைபடத்தில் ஆழம் பாகக் கணக்கு. ஒரு பாகம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். கேப்டன் புதிதாக வாங்கிய வரைபடத்தில் மீட்டர் கணக்கு. அவனே அதைக் கவனிக்கவில்லை. நான் அதைப் பார்த்து "மூணு" என்று படித்தேன். அவன் மூன்று பாகம் என்று நினைத்து கப்பலை மணல்திட்டில் ஏற்றிவிட்டான். பனைமர உயர அலையில் நானே ஒற்றைத் தோளால் தள்ளி மீட்டேன்!

"கண்ணு தெரியாத கிழவா, அடுத்த துறைமுகத்துல இறங்கிடு" என்கிறான், நன்றிகெட்டவன். 'மீட்டர்' என்று மூலையில் எறும்புக்கால் எழுத்து. கழுகுக்கே தெரியாது!

அலமாரியில் என் கண்ணாடி இருக்கும்; அந்தத் துறைமுகத்துக்கே உடனே அனுப்பு, முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. பிள்ளைகளிடம், மாமா சுறாவை அடித்தார் என்று மட்டும் சொல். கண்ணாடி வந்ததும் அந்த எழுத்தை அவன் காதிலேயே கத்திப் படிக்கிறேன். பாய் இறக்கக் கூப்பிடுகிறான்.

உன் தம்பி